தெருவிலிருந்து தொடங்கும் காலநிலை ஆய்வு: உயர்நிலை வகுப்புகளுக்கு ஒரு திட்டம்

காலநிலை மாற்றம் குறித்து ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுடன் செய்முறை ஆய்வு நடத்த விரும்பும் ஆசிரியர், கருவிகளை வாங்குவதற்கு முன் கேள்வியைச் சுருக்கிக்கொள்ள வேண்டும். "பெங்களூரு சூடாகிக்கொண்டு வருகிறதா?" என்பது ஒரு வகுப்பு ஓராண்டில் அளந்து விடை காணக்கூடிய கேள்வியன்று. "அல்சூர் ஏரிக்கரைக்கும் அருகிலுள்ள ஷீட் கூரை வீடுகளின் வரிசைக்கும் பிற்பகலிலும் இரவிலும் எத்தனை டிகிரி வேறுபாடு?" என்பதை நான்கு வாரங்களில் அளந்துவிடலாம். அல்சூரில் தமிழ் வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் மாலை வகுப்பு எடுத்தபோது, இக்கேள்வி ஒரு மாணவியிடமிருந்தே வந்தது. "மிஸ், வெளியில காத்து குளிரா இருக்கு, எங்க வீட்டுக்குள்ள ராத்திரி பத்து மணிக்கும் சுவர் சுடுது" என்றாள். பிள்ளைகள் உடலால் உணர்ந்ததை எண்ணாக மாற்ற விரும்பும் அந்தத் தருணத்தில்தான் ஆய்வைத் தொடங்க வேண்டும்.

காலத்தை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். இந்நகரில் வெப்பம் உச்சமடைவது ஏப்ரலில். அப்போது கோடை விடுமுறை குறுக்கிடும், மார்ச் மாதத்தைத் தேர்வு எடுத்துக்கொள்ளும். ஆகவே, வானம் தெளிவாக இருக்கும் பிப்ரவரியே வெப்ப ஆய்வுக்கு ஏற்றது. மழையை அளக்க விரும்பினால், மழை மிகுந்த செப்டம்பரைத் தேர்ந்தெடுத்து, வானிலைத் துறையின் வழக்கப்படி நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளவெடுக்கப் பழக்குங்கள். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் மொட்டை மாடியில் விழும் ஒரு லிட்டர் நீர் என்று சொல்லி, தங்கள் வீட்டு மாடிக்குக் கணக்குப் போடச் சொன்னால், தண்ணீர் லாரிக்குக் காத்திருந்து பழகிய பிள்ளைகளுக்கு அந்த எண் உடனே பொருள்படும்.

கருவிகளைச் சரிபார்ப்பதற்கு ஒரு முழு வகுப்பை ஒதுக்குங்கள். இதைத் தவிர்த்தால் பின்னால் எடுக்கும் எந்த அளவையும் நம்ப இயலாது. ஆய்வக வெப்பமானிகள் அனைத்துக்கும் எண்ணிட்டு, நொறுக்கிய பனிக்கட்டியும் சிறிதளவு நீரும் கலந்த பாத்திரத்தில் வைத்து, ஒவ்வொன்றும் சுழியத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று குறிக்கச் செய்யுங்கள். கொதிநீரிலும் சோதிப்பதாயின், பெங்களூரு கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே நீர் 97 டிகிரி அளவிலேயே கொதிக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். வெப்பமானி பழுது என்று பிள்ளைகள் முடிவு கட்டுவதற்கு முன் காரணத்தை அவர்களே தேடட்டும்.

காற்றின் வெப்பத்தை நிழலில், தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்தில் அளக்க வேண்டும். முதல் ஆண்டில் நான் இதை அழுத்திச் சொல்லத் தவறியதால், பாதிப் பிள்ளைகள் வெயிலில் நீட்டிப் பிடித்து, காற்றின் வெப்பத்துக்குப் பதிலாக வெயிலில் சூடேறிய கண்ணாடிக் குமிழின் வெப்பத்தைக் குறித்து வந்தார்கள். இரண்டு வாரக் குறிப்புகளை ஒதுக்க நேர்ந்தது. வெள்ளை பிளாஸ்டிக் தட்டுகளை இடைவெளி விட்டு அடுக்கி, நடுவில் வெப்பமானியைத் தொங்கவிட்டால் காற்றோட்டமுள்ள நல்ல மறைப்பு கிடைக்கும். கூரை, தார்ச்சாலை ஆகியவற்றின் மேற்பரப்பை அளக்க அகச்சிவப்பு வெப்பமானி தேவை. நெற்றியில் காய்ச்சல் பார்க்கும் வகை உடல் வெப்பத்தை ஒட்டிய குறுகிய எல்லைக்குள் மட்டுமே காட்டும் என்பதால், தொழிற்கூடங்களில் பயன்படும் வகையை வாங்குங்கள். பளபளக்கும் தகரத்தில் அதுவும் உண்மையைவிடக் குறைத்தே காட்டும். கருப்பு மின்சார டேப் ஒரு துண்டை ஒட்டி, டேப்பின் மேல் அளக்க வேண்டும்.

ஐந்து இடங்களுக்கு மேல் வேண்டாம்: ஏரிக்கரை, மரநிழல், திறந்த மைதானம், கான்கிரீட் வீடு, ஷீட் வீடு. பிற்பகல் இரண்டு மணிக்கும் இரவு எட்டரை மணிக்கும் இருவர் இருவராக ஒரே நேரத்தில் அளக்கட்டும். ஏரிக்கரைக்குப் பெரியவர் ஒருவர் உடன் செல்ல வேண்டும்; கைப்பிடிச் சுவரில்லாத மாடிக்கு எவரையும் அனுப்பக் கூடாது. இரவு அளவைக் கைவிடாதீர்கள். பகலில் உள்வாங்கிய வெப்பத்தைச் சுவரும் சாலையும் மெதுவாக வெளிவிடுவதால், நகரத்துக்கும் அதைச் சுற்றியுள்ள ஊர்ப்புறத்துக்கும் உள்ள வேறுபாடு இரவில்தான் பொதுவாகக் கூடுதலாகத் தெரியும்.

இங்கே ஆசிரியர் மிகவும் நேர்மையாக இருக்க வேண்டும். பிள்ளைகள் அளந்தது கட்டடங்களும் மரமின்மையும் உண்டாக்கிய நகர வெப்பம். அதுவே காலநிலை மாற்றத்துக்குச் சான்றாகாது. காலநிலை என்பது வழக்கமாக 30 ஆண்டுகளின் சராசரி. 2016 ஏப்ரலில் பெங்களூருவில் பதிவான 39.2 டிகிரியும் தனித்து நின்றால் ஒரு நாளின் வானிலைதான். வானிலைத் துறையின் நீண்டகாலப் பதிவுகளை வரைபடத் தாளில் குறிக்கச் செய்து, நிலையத்தைச் சுற்றி நகரம் வளர்ந்ததால் ஏறிய பங்கு எது, உலகமே வெப்பமானதால் ஏறிய பங்கு எது என்ற வினாவை எழுப்புங்கள். ஊர்ப்புற நிலையம் ஒன்றின் பதிவோடு ஒப்பிடுவது அதற்கு ஒரு வழி. "எங்கள் காலத்தில் இங்கே மின்விசிறியே வேண்டியிருக்கவில்லை" என்று பாட்டிமார் சொல்வதையும் எழுதி வரச் சொல்லுங்கள். அதைச் சான்றாகக் கொள்ளாமல், பதிவுகளில் தேடிப் பார்க்க வேண்டிய கேள்வியாகக் கொள்ளலாம்.

பல பள்ளிகளில் செய்துகாட்டும் பாட்டில் சோதனையைத் தவிர்க்கும்படி வேண்டுகிறேன். வினிகரும் சமையல் சோடாவும் கலந்து கார்பன் டை ஆக்சைடை நிரப்பி, விளக்கொளியில் அந்தப் பாட்டில் கூடுதலாகச் சூடேறுவதைப் பசுங்குடில் விளைவு, அதாவது வாயு வெப்பக் கதிரை உறிஞ்சிச் சூட்டைத் தக்கவைப்பது, என்கிறார்கள். அவ்வாயு காற்றைவிடக் கனமானது. மேலுள்ள காற்றோடு எளிதில் கலக்காமல் தங்குவதே அச்சூட்டுக்குப் பெரும்பாலும் காரணம். பசுங்குடில் வாயுவே அல்லாத ஆர்கானை நிரப்பினாலும் ஏறத்தாழ அதே உயர்வு கிடைக்கும். உண்மையான முடிவுக்குத் தவறான காரணத்தைக் கற்பிப்பதைவிட, வாயுக்கள் வெப்பக் கதிரை உறிஞ்சுவதை 1859-இல் இயற்பியலாளர் ஜான் டிண்டால் எப்படி அளந்தார் என்று கரும்பலகையில் வரைந்து விளக்கலாம். ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அறிவியலாளர் கீலிங் 1958-இல் தொடங்கிய கார்பன் டை ஆக்சைடு அளவீடு, காற்றில் பத்து லட்சத்துக்கு ஏறத்தாழ 315 பங்கிலிருந்து இன்று 420-ஐக் கடந்திருப்பதைப் பிள்ளைகளே வரைபடமாக்கலாம்.

முடிவு எழுதும்போது ஒவ்வொரு குழுவும், அளந்தது என்ன, அதிலிருந்து சொல்ல முடியாதது என்ன என்று இரண்டு பத்திகள் எழுத வேண்டும்; இரண்டாம் பத்திக்கும் சம மதிப்பெண் கொடுங்கள். அளந்த இடங்களின் வரைபடத்தையும், வெப்பமானிகளின் எண்களையும், அவற்றின் திருத்த அளவுகளையும் ஒரே நோட்டில் சேர்த்துப் பள்ளியில் வைத்தால், அடுத்த பிப்ரவரியில் வரும் வகுப்பு அதே சுவரை, அதே மணிக்கு அளக்க முடியும்.