முகாம் மக்களுக்காக வேட்பாளரிடம் கேள்வி கேட்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் பாளையங்கோட்டையில் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினார்கள். இலங்கைத் தமிழர் முகாம்களைப் பற்றி வேட்பாளர்களிடம் கேட்டு, பதில்களை அட்டவணையாக அச்சடித்துக் கொடுக்கப் போகிறார்கள். முதல் கேள்வி: “ஈழத் தமிழர் உரிமையை ஆதரிக்கிறீர்களா?” பக்கத்தில் ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள்.

2011-இல் நாங்களும் இதே கேள்வியோடுதான் வேட்பாளர்கள் வீடு வீடாக ஏறினோம். அத்தனை பேரும் ‘ஆம்’ என்றார்கள். தமிழ்நாட்டில் ஓட்டுக் கேட்டு நிற்கிறவர் இதற்கு ‘இல்லை’ என்றா சொல்வார்? அந்தத் தாளால் யாருக்கும் ஒரு பலனும் இல்லை. பெயரில் எழுத்துப் பிழை, பழைய போன் நம்பர் இதையெல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். மற்றவற்றைச் சொல்கிறேன்.

‘குடியுரிமை’ என்று ஒரே கட்டம் போடுவது

இதுதான் பெரிய தவறு. இன்றைக்கும் நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

2016-இல் கொஞ்சம் தேறியிருந்தோம். ‘குடியுரிமைக்கு ஆதரவு’ என்று ஒரு கட்டம் வைத்து, ஒத்துக்கொண்டவர்களுக்கு டிக் போட்டு, கோபாலசமுத்திரம் முகாம் வரைக்கும் கொண்டுபோய்க் கொடுத்தோம். ஐந்து வருஷம் கழித்து அங்கே ஒரு பெண் அந்தத் தாளை மஞ்சள் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து மடித்து வைத்திருந்தார். “அண்ணா, நீங்கள் டிக் போட்டவர் வென்றுவிட்டாரே, எங்களுக்கு எப்போது தருவார்கள்?” என்று கேட்டார்.

சான்றிதழை வாங்கிப் பார்த்தேன். 1987 தொடக்கத்தில் மண்டபம் முகாமில் பிறந்தவர். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியக் குடிமகன் என்கிறது 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம். அந்தப் பெண்ணுக்கு எந்த எம்.எல்.ஏ.வும் எதையும் தர வேண்டியதில்லை. பாஸ்போர்ட் மனு எழுதவும், மறுத்தால் கோர்ட்டுக்குப் போகவும் ஒரு துணைதான் வேண்டும். எங்கள் தாளோ அவரை ஐந்து வருஷம் காத்திருக்க வைத்துவிட்டது. மறுவருஷமே, 2022 ஆகஸ்டில், 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த வேறொரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. அவர் 2024 ஏப்ரல் 19 அன்று திருச்சியில் ஓட்டும் போட்டார்.

ஆகவே ஒரே கட்டம் போடாதீர்கள். முகாமில் இருப்பவர்கள் ஒரே வகை இல்லை.

1987 ஜூலை 1-க்கு முன் இங்கே பிறந்தவர்கள் ஒரு வகை. இவர்களுக்காகக் கேட்க வேண்டியது: “சான்றிதழ் வாங்க, பாஸ்போர்ட் மனுவுக்கு, உங்கள் அலுவலகம் கூட நிற்குமா?”

இரண்டாவது, மலையகத் தமிழர்கள். நம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்தும், கூலிக்கு ஆள் திரட்டிய கங்காணி பின்னால் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களின் பேரன் பேத்திகள். 1948-இல் இலங்கை இவர்களை நாடற்றவர்களாக்கியது. இரு நாட்டுப் பிரதமர்களும் 1964-இல் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை ஏற்க இந்தியா ஒத்துக்கொண்டது. 1974-இல் இன்னும் 75,000 பேர். அந்தக் கணக்கில் முறையாக வந்தவர்கள் எப்போதோ குடிமக்கள் ஆகிவிட்டார்கள். ரெப்கோ வங்கி 1969-இல் தொடங்கியதே அப்படித் தாயகம் திரும்பியவர்களுக்காகத்தான். ஆனால் அந்தக் கணக்கு முடிவதற்குள் இலங்கையில் தமிழருக்கு எதிரான 1983 கலவரம் வந்தது. அதற்குப் பிறகு உயிர் தப்பி வந்த மலையகத்தார் ‘அகதி’ என்றே பதிவானார்கள். இவர்களைப் பற்றிக் கேட்கும்போது 1964 ஒப்பந்தத்தைச் சொல்லியே கேளுங்கள். அது இந்தியா கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்கு.

மூன்றாவது வகைக்குத்தான் சட்டமே தடையாக நிற்கிறது: இலங்கையில் பிறந்து வந்தவர்களும், இங்கே பின்னால் பிறந்த அவர்கள் பிள்ளைகளும். 2004 டிசம்பர் 3-க்கு முன் பிறந்த பிள்ளைக்குத் தாய் தகப்பனில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருந்தால் போதும். அதற்குப் பின் என்றால் இருவரும் குடிமக்களாக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் ‘சட்டவிரோதக் குடியேறி’ (உரிய ஆவணம் இல்லாமல் வந்தவர்) அல்லாதவராகவும் இருக்க வேண்டும். அதனால் அம்மா அப்பா எப்போது, எங்கே பிறந்தார்கள் என்று கேட்காமல் பிள்ளையின் நிலையைச் சொல்லவே முடியாது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றையும் எடுத்துக்கொண்டு இலங்கையை விட்டுவிட்டது. இந்த வகைக்காக “ஆதரிக்கிறேன்” என்கிறவரிடம் எந்தச் சட்டத்தில் எந்த வரியை மாற்றச் சொல்வார் என்று கேளுங்கள். பதிலை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள்.

சட்டமன்ற வேட்பாளரிடம் நாடாளுமன்றக் கேள்வி

குடியுரிமை மத்திய அரசின் பட்டியலில் இருக்கிறது. அம்பாசமுத்திரத்திலோ ராதாபுரத்திலோ ஜெயிக்கிறவர் அதைக் கொடுக்க முடியாது. அவர் சட்டமன்றத்தில் பேசலாம், தீர்மானத்துக்குக் கை தூக்கலாம். 2019 சட்டத்தைத் திரும்பப் பெறச் சொல்லி 2021 செப்டம்பர் 8-இல் போட்டதும் அப்படி ஒரு தீர்மானம்தான். ஆனால் வீடு, பணக்கொடை, படிப்பு உதவி எல்லாம் மாநிலத்தின் கையில். 2021 ஆகஸ்டில் முகாம்களில் 7,469 வீடுகள் கட்டித் தருவதாக அறிவித்தார்கள். உங்கள் தொகுதி முகாமில் எத்தனை முடிந்தது, ஒழுகுகிறதா என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டு, அப்புறம் வேட்பாளரைப் பாருங்கள்.

இரட்டைக் குடியுரிமை என்றதும் டிக் போடுவது

இந்தியச் சட்டத்தில் அது கிடையாது.

தேர்தல் அறிக்கையை மட்டும் படிப்பது

கட்சி எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டது என்றும் பக்கத்தில் எழுதுங்கள். அ.தி.மு.க. 2021 அறிக்கையில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தைக் கைவிட வலியுறுத்துவோம் என்றது. 2019 டிசம்பரில் மாநிலங்களவையில் அதே சட்டத்துக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டிருந்தது. தி.மு.க. 2004 முதல் 2013 வரை மத்தியில் ஆளும் கூட்டணியில் இருந்தது. அந்த வருஷங்களில் முகாம் மக்களின் குடியுரிமைக்குச் சட்டத் திருத்தம் எதுவும் வரவில்லை. பா.ஜ.க. வேட்பாளரிடம் இலங்கை ஏன் விடுபட்டது என்று கேளுங்கள். மூன்று கட்சிக்கும் ஒரே அளவுகோல். இல்லையென்றால் உங்கள் தாளை யாரும் நம்ப மாட்டார்கள்.

2025 உத்தரவைக் குடியுரிமை என்று நினைப்பது

மத்திய அரசு 2025-இல் போட்ட உத்தரவு இதுதான்: 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்கள் மீது, உரிய ஆவணம் இல்லை என்று புதிய குடியேற்றச் சட்டத்தில் வழக்கு வராது. அவ்வளவுதான். “அதுதான் முடிந்துவிட்டதே” என்று யாராவது சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

‘ஓட்டு இல்லாத சனம்’ என்றதும் எழுந்து வந்துவிடுவது

சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு வேட்பாளரின் ஆள் எங்களிடம் சொன்னார்: “அண்ணாச்சி, ஓட்டு இல்லாத சனத்தைப் பத்தி எதுக்குக் கேக்கிய? தண்ணி, ரோடுன்னு கேளுங்க.” கோபத்தில் எழுந்து வந்துவிட்டோம். உட்கார்ந்திருக்க வேண்டும். அதுவும் ஒரு நிலைப்பாடுதான், தாளில் ஏற வேண்டியது. ஓட்டு இல்லை என்பதால்தானே மற்றவர்கள் போய்க் கேட்க வேண்டியிருக்கிறது? அந்த ஊரில் பாதி வீட்டுக்கு வெள்ளையடித்தவர்கள் முகாம்காரர்கள் என்று அவரிடம் சொல்லியிருக்கலாம்.

முகாமில் கேட்காமல் கேள்வி தயாரிப்பது

எல்லாரும் குடியுரிமை கேட்பதில்லை. ஊருக்குத் திரும்ப நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள். முதலில் அவர்களிடம் பேசுங்கள்.

முகாம்காரர் பெயரைத் தாளில் போடுவது

கூடாது. விசாரணை என்று வந்தால் உங்களைத் தேடி வர மாட்டார்கள், அவரைத்தான் கூப்பிடுவார்கள்.