ஒரே பழுப்பு, நான்கு பின்னணி: பெரியம்மாவின் முகத்தைத் தீட்டிய செய்முறை

என் பெரியம்மாவை வீட்டில் 'கருப்பு' என்றே குறிப்பிட்டு வந்தார்கள். பெண் பார்க்க வந்தவர்களிடம் மட்டும் அது 'மாநிறம்' ஆகிவிட்டதாம். பெரியப்பா இறந்தபின் அவர் வெள்ளைச் சேலைக்கு மாற்றப்பட்டார். பிறகு பல ஆண்டுகள் பச்சைச் சீருடையில் துப்புரவாளராக வேலை பார்த்தபோது, நடைபாதையில் கடந்து சென்றவர்களுக்கு அவர் வெறும் 'ஆண்ட்டி'. சிங்கப்பூர் அடையாள அட்டையோ 'இந்தியர்' என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடுகிறது. இத்தனை பெயர்களுக்கும் நடுவே அவருடைய தோலின் நிறம் மாறவே இல்லை என்பதை எழுத்தின் துணையில்லாமல் காட்ட வழி தேடியபோது அமைந்த செய்முறை இது.

முகத்தின் கோட்டோவியத்தை வரைவது, அட்டைக்கு ஜெஸ்ஸோ எனும் வெள்ளை அடிப்பூச்சைப் பூசுவது ஆகியவற்றை இங்கே விளக்கவில்லை. ஒரே கோட்டோவியத்தை நான்கு கான்வாஸ் அட்டைகளில் படியெடுத்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள். காகிதத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஈரம் பட்டால் சுருண்டுகொள்ளும்.

முதலில் தவறான வழி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கருப்பைத் தீமைக்கும் வெள்ளையைத் தூய்மைக்கும் வைக்கும் வழக்கத்தைத் தலைகீழாக்கி, பெரியம்மாவைக் கருப்பு ஒளிவட்டத்தோடு வரைந்து பார்த்தேன். பார்த்தவர்கள் ஒரு நொடியில் புரிந்துகொண்டு அடுத்த நொடியில் நகர்ந்துவிட்டார்கள். அதைவிட வலுவானது, பார்ப்பவரின் கண்ணையே தவறு செய்ய வைப்பது.

பாரிசின் கோபெலின் திரைச்சீலை நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவின் பொறுப்பிலிருந்த வேதியியலாளர் மிஷேல் யூஜீன் ஷெவ்ரல், கருப்புச் சாயம் மங்கலாக இருக்கிறது என்ற புகாரை ஆராய்ந்தார். சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் நெய்யப்பட்ட நீலமும் ஊதாவுமே கருப்பை மங்கச் செய்தன என்று கண்டறிந்து, 1839இல் அதை நூலாக வெளியிட்டார். எந்த நிறமும் தன் அண்டை நிறத்துக்கு எதிரான திசையில் சாய்ந்து தெரியும் என்பதே அதன் சாரம். நம் படத்தில் அண்டை நிறம்தான் சமூகம் ஒட்டிய பெயர்.

எனவே முதற்படி, பின்னணிகளைத் தேர்வது. நான் எடுத்தவை மணப்பெண்ணின் மஞ்சள், கைம்மையின் வெள்ளை, சீருடையின் கரும்பச்சை, அடையாள அட்டையின் இளஞ்சிவப்பு ஆகியவை. சிங்கப்பூரில் குடிமக்களின் அட்டை இளஞ்சிவப்பு, நிரந்தரவாசிகளின் அட்டை நீலம். (என்னுடையது நெடுநாள் நீலமாக இருந்தது, அட்டையை நீட்டும்போது எதிரிலிருப்பவரின் கண் முதலில் எங்கே போகும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.) உங்கள் மனிதருக்கு ஒட்டப்பட்ட பெயர்கள் வேறாக இருக்கும். பொதுவான நிற அகராதியைப் பார்க்காமல், அவர் வாழ்வில் உண்மையாகவே வந்துபோன துணி, அட்டை, சீருடை ஆகியவற்றின் நிறத்தையே எடுங்கள்.

இரண்டாம் படியான தோல் நிறக் கலவையில்தான் நான் மூன்று வார இறுதிகளை இழந்தேன். கருப்பான முகம்தானே என்று கருப்பு அக்ரிலிக் வண்ணத்தை எடுத்து, ஒளிபடும் இடங்களுக்காக வெள்ளையைக் கலந்தேன். கருப்பும் வெள்ளையும் சேர்ந்தால் நீலம் கலந்த சாம்பல்தான் வரும். பெரியம்மா நோயில் கிடந்தவர் போலத் தெரிந்தார். சங்கப் பாடல்களில் மாமை என்பது தலைவியின் மாநிற அழகு; பிரிவுத் துயரில் அந்த அழகைத் தின்று வெளுப்பாகப் படரும் பசலைதான் நோய். என் தட்டில் இருந்தது பசலை.

கருப்புக் குப்பியை மூடி வையுங்கள். பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு) இரண்டு பங்கு, அல்ட்ராமெரின் நீலம் ஒரு பங்கு எடுத்துக் கலந்தால் உயிருள்ள கரும்பழுப்பு கிடைக்கும். அதில் சிறிது யெல்லோ ஓக்கரும் (மண்மஞ்சள்), கத்திமுனை அளவு அலிசரின் கிரிம்சனும் (அடர்சிவப்பு) சேர்த்துக்கொண்டே வந்து, உங்கள் மனிதரின் கன்னத்துக்கு அருகில் பிடித்து ஒப்பிடுங்கள். தூரிகையால் கலக்க வேண்டாம். கலவைக் கத்தி மட்டுமே சீரான நிறம் தரும். 'தோல் நிறம்' என்ற பெயரில் கிடைக்கும் குப்பியையும் தவிர்த்துவிடுங்கள். அமெரிக்காவின் கிரயோலா நிறுவனம் தன் வெளிர்நிற மெழுகுக்குச்சிக்கு வைத்திருந்த, தசை என்று பொருள்படும் 'ஃபிளெஷ்' என்ற பெயரை 1962இலேயே 'பீச்' என்று மாற்றிவிட்டது. அந்தப் பழைய எண்ணம் இன்னும் சில குப்பிகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இரண்டு எச்சரிக்கைகள். அக்ரிலிக் வண்ணத்தின் பிசின் ஈரத்தில் பால்போல வெளுத்திருந்து, காய்ந்ததும் தெளிந்துவிடுவதால், காய்ந்த நிறம் ஒரு படி கருமையாகவே இருக்கும். ஆகவே ஒரு துண்டில் பூசி, காயவிட்டு, அதன்பிறகு ஒப்பிடுங்கள். அடுத்து, நான்கு முகங்களுக்கும் தேவையான கலவையை ஒரே முறையில் தயாரித்துக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். எனக்கு 50 மில்லிலிட்டர் போதுமானதாக இருந்தது. பாதியில் தீர்ந்து மறுபடி கலந்தால், நீங்கள் சொல்ல வந்ததே பொய்யாகிவிடும்.

மூன்றாம் படி எளிது. நான்கு அட்டைகளிலும் முகத்தை அந்த ஒரே கலவையால் தட்டையாக நிரப்புங்கள். நிழலும் ஒளியும் வேண்டாம். கண், மூக்கு, வாய் ஆகியவற்றை மெல்லிய கருநீலக் கோடுகளால் காட்டினால் போதும். பின்னணியை முகத்தின் ஓரம் வரை இடைவெளியின்றிப் பூசுங்கள். காய்ந்தபின் தள்ளி நின்று பார்த்தால் வெள்ளையிலும் மஞ்சளிலும் அதே முகம் கருத்தும், கரும்பச்சையில் செம்மையேறிச் சற்று வெளுத்தும், இளஞ்சிவப்பில் இலேசாகப் பச்சை பாய்ந்தும் தெரியும்.

நான்காம் படியை முதலில் நான் செய்யவில்லை. எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் படங்களை வரிசையாக வைத்தபோது, அண்டைவீட்டார் ஒருவர் பச்சைப் படத்தைக் காட்டி, "இதில் மட்டும் கொஞ்சம் கலராக இருக்கிறார்கள்" என்றார். எல்லாம் ஒரே கலவை என்றேன், அவர் நம்பவில்லை. அதன்பிறகு, மிச்சமிருந்த கலவையால் இரண்டு விரல் அகலப் பட்டை ஒன்றை நான்கு அட்டைகளையும் குறுக்காக இணைத்து, கன்னங்களின் வழியே செல்லுமாறு தீட்டினேன். பட்டை முகத்துக்குள் நுழையும் இடத்தில் விளிம்பே இல்லாமல் கரைந்துவிடுகிறது. மறுநாள் அவர் அந்த இடத்தில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

பிற்சேர்க்கை: இதைச் செய்து பார்த்த வாசகர்கள் இருவர், கைப்பேசிப் படத்தில் நான்கு முகங்களும் உண்மையாகவே வெவ்வேறு நிறத்தில் வருவதாக எழுதினார்கள். அட்டைகளைத் தனித்தனியே எடுத்தால், கைப்பேசி ஒவ்வொரு பின்னணிக்கும் ஏற்ப வெண்சமநிலையை, அதாவது படத்தின் நிறச்சாயலை, தானே திருத்திக்கொள்ளும். நான்கையும் ஒரே சட்டகத்துக்குள், பகல் வெளிச்சத்தில் எடுங்கள்.

மற்றொரு வாசகரின் மலாய்த் தோழி மஞ்சள் படத்தைப் பார்த்து, அரச குடும்பத்துப் பெண்ணா என்று கேட்டாராம். மலாய் மரபில் மஞ்சள் அரச நிறம் என்பதால் அந்தக் கேள்வி நியாயமானது. அதைத் தடுக்க விரும்புவோர், நான் முதலில் செய்ததுபோல மஞ்சளின் ஓரத்தில் ஒரு தாலிக் கயிற்றை வரைந்துகொள்ளலாம். பெரியம்மாவிடம் கேட்டேன், கயிறு வேண்டாம், அரசியாகவே இருக்கட்டும் என்றார். அழித்துவிட்டேன்.