மிஞ்சிய உணவைப் பசித்தவரிடம் சேர்ப்பது எப்படி

உணவு தருபவரைத் தேடும் முன் பெற்றுக்கொள்ளும் இடத்தை உறுதி செய்யுங்கள். முதலில் பாத்திரம் நிறைய உணவு வந்துவிட்டால், யாருக்குக் கொடுப்பது என்று அலைவதிலேயே அது கெட்டுப்போகும். நகரத்துப் பசி எல்லாமே தெருவில் தெரிவதில்லை. வாடகை கட்டிவிட்டு ஒருவேளைச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளும் குடும்பங்களும், தனியே வாழும் முதியவர்களும் நிறையப் பேர். காப்பகம், முதியோர் இல்லம், கூலித் தொழிலாளர் குடியிருப்பு என இரண்டு மூன்று இடங்களைப் பிடித்து, அங்கே பொறுப்பில் இருப்பவரிடம் கேளுங்கள்: எத்தனை பேர், எப்போது சாப்பிடுகிறார்கள், அடுப்பும் ஃபிரிட்ஜும் உண்டா, யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது. அடுப்பே இல்லாத வீட்டுக்கு அரிசி மூட்டை போய் என்ன பயன்?

பெரியவர் ஒருவருக்கு ஒருவேளைக்குச் சுமார் அரை கிலோ சமைத்த உணவு என்று கணக்கிடலாம். 40 பேருக்கு 20 கிலோ. ஆகவே தருபவர் அழைத்தால் எத்தனை கிலோ என்று கேளுங்கள். "நிறைய இருக்கு" என்ற பதிலை வைத்து வண்டி அனுப்பாதீர்கள்.

எடையைவிட முக்கியமான கேள்வி, அடுப்பிலிருந்து இறக்கியது எப்போது என்பது. 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை கிருமிகள் வேகமாகப் பெருகும். இந்தச் சூட்டில் உணவு இருந்த நேரம் முழுவதையும் கூட்டுங்கள். 2 மணி நேரத்துக்குள் என்றால் ஃபிரிட்ஜில் வைக்கலாம். 2 முதல் 4 மணி நேரம் என்றால் உடனே சாப்பிட்டுவிட வேண்டும். 4 மணி நேரம் தாண்டினால் கொட்டிவிடுங்கள், மனம் கனத்தாலும். பலர் தாங்கள் எடுத்த நேரத்திலிருந்து கணக்குப் போடுகிறார்கள். அதற்கு முன்பே பந்தியில் திறந்து கிடந்த நேரம் விட்டுப்போகிறது.

முகர்ந்து பார்த்து முடிவு செய்யவே கூடாது. சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்து நச்சைச் சுரக்கும். வாந்தி உண்டாக்கும் அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது; வாடையும் காட்டிக்கொடுக்காது.

சூடாகவே கொண்டுபோவதென்றால் சூடு தாங்கும் பெட்டியில் 60 டிகிரிக்குக் குறையாமல் வையுங்கள். குத்துத் தெர்மாமீட்டரைப் பாத்திரத்தின் நடுவில் செருகிப் பாருங்கள். ஓரத்துச் சூட்டை நம்ப முடியாது. மறுநாளைக்கு என்றால் அண்டாவோடு ஃபிரிட்ஜில் ஏற்றாதீர்கள், அதன் நடுப்பகுதி பல மணி நேரம் ஆறாது. 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் போகாமல் தட்டுகளில் பரப்புங்கள். 2 மணி நேரத்தில் 60லிருந்து 21 டிகிரிக்கும், அடுத்த 4 மணி நேரத்தில் 5 டிகிரிக்கும் இறங்க வேண்டும்; இப்படி முறையாக ஆறவைக்கும் நேரம் மேலே சொன்ன 2, 4 மணி நேரக் கணக்கில் சேராது. பரிமாறும்போது நடுப்பகுதி 75 டிகிரி வரும்வரை சூடாக்குங்கள், ஒரே முறைதான். இலையிலோ தட்டிலோ பரிமாறி மிஞ்சியதை வாங்கவே வேண்டாம்.

பொட்டலப் பொருள்கள் இவ்வளவு சிரமம் தராது. தரம் குன்றாதிருக்கும் என்று போட்ட தேதி கடந்தாலும் பல உலர்பொருள்களைச் சோதித்துப் பயன்படுத்தலாம். பாதுகாப்புக்காகப் போட்ட கடைசித் தேதி கடந்தால் கூடாது. உப்பிய, கசியும், விளிம்பு மடிப்பில் நசுங்கிய டின்களை ஒதுக்குங்கள்.

ஒவ்வொரு பெட்டியிலும் உணவின் பெயர், சமைத்த நேரம், எத்தனை மணிக்குள் உண்ண வேண்டும், பால், முட்டை, கோதுமை, கொட்டை, மீன் உண்டா என்று எழுதி ஒட்டுங்கள்.

தன்னார்வலர்களை இருவர் இருவராக அனுப்புங்கள், மாற்று ஆள் ஒருவர் தயாராக இருக்கட்டும். வாரத்தில் ஒரே நாள் என்றாலும் தவறாமல் போனால் அதை நம்பி ஒரு வீடு தன் சமையலைத் திட்டமிடும். தினமும் வருகிறோம் என்று சொல்லி இடையில் நிறுத்தினால் அன்று அங்கே உலை வைத்திருக்க மாட்டார்கள்.

வாங்குபவரைப் படம் எடுக்காதீர்கள். நேரம் குறித்த டோக்கன் கொடுத்தால் வரிசையில் காக்க வைக்க வேண்டியதில்லை. முடிந்தவரை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். எது திரும்பி வந்தது என்பதையும் எடையோடு எழுதிவையுங்கள்; அடுத்த வாரம் எந்தப் பொருளைக் குறைத்து வாங்குவது என்று அந்த நோட்டுதான் சொல்லும்.