அக்டோபருக்குள் விறகு, நவம்பருக்குள் தண்ணீர்: ஸ்காட்லாந்துக் கிராமத்து வீட்டில் குளிர்காலத்துக்குத் தயாராவது

அபர்டீனிலிருந்து டான் ஆற்றை ஒட்டியே மேற்கே போனால், ஆல்ஃபோர்டு தாண்டியதும் மலைகள் நெருங்கி வரும். அங்கே ஒரு கருங்கல் வீட்டில் எனக்கு இது பதினோராவது குளிர்காலம். புதிதாக இந்தப் பக்கம் வேலைக்கு வரும் நம்மவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எவ்வளவு குளிரும்க்கா?" என்பதுதான். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பிரேமாரில் 1895-லும் 1982-லும் மைனஸ் 27.2 டிகிரி பதிவாகியிருக்கிறது. ஆனாலும் குளிரைவிட எனக்குப் பயம் மின்வெட்டின் மேல்தான். கரண்ட் போனால் விளக்கோடு சேர்ந்து, வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் பாய்லரும் நிற்கும். எங்களைப் போல ஊற்றுத் தண்ணீரை நம்பியிருக்கும் வீடுகளில் பம்ப் நின்று குழாயும் காய்ந்துவிடும்.

2021 நவம்பர் 26, வெள்ளிக்கிழமை இரவு ஆர்வென் புயல் வந்தது. இங்கே பலத்த காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்துதான் அடிக்கும். மரங்களும் அதற்குத் தாக்குப்பிடிக்கும்படி வேர் விட்டு வளர்ந்தவை. அன்று வடக்கிலிருந்து அடித்தது. தோப்பு தோப்பாக மரங்கள் மின்கம்பிகளின் மேல் சாய்ந்தன. எங்களுக்கு ஆறாம் நாள்தான் கரண்ட் வந்தது. கீழே சொல்வதில் பாதி அந்த ஆறு நாளில் கற்றது.

முதலில் விறகு. வெட்டிப் பிளந்த விறகு காய இரண்டு கோடையாவது வேண்டும். அதனால் இந்த வருஷம் வாங்குவது அடுத்த வருஷத்துக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். தரையில் அடுக்காதீர்கள், மரப் பலகைத் தட்டு போட்டு அதன் மேல் அடுக்குங்கள். மேலே மட்டும் கூரை போதும், பக்கங்களைத் தார்ப்பாயால் மூடக் கூடாது. நான் முதல் வருஷம் மழைக்குப் பயந்து சுற்றிலும் இறுக்கி மூடினேன்; உள்ளே பூஞ்சை பிடித்துவிட்டது. காயவைப்பது வெயிலைவிடக் காற்றுதான். ஈரமானி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கட்டையைப் புதிதாகப் பிளந்து உள்முகத்தில் குத்திப் பாருங்கள். ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அது இன்னும் எரிக்கத் தகுந்ததில்லை. ஈர விறகின் புகை புகைபோக்கிக்குள் தாராகப் படியும், ஒரு நாள் அந்தத் தாரே தீப்பிடிக்கும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஆள் வைத்துப் புகைபோக்கியைச் சுத்தம் செய்யுங்கள்.

நெருப்பு மூட்டுவதில் நம் ஊர்ப் பழக்கத்தைத் தலைகீழாக்க வேண்டும். பெரிய கட்டைகள் அடியில், அதன் மேல் சிறியவை, உச்சியில் சுள்ளி. நெருப்பை உச்சியில் வையுங்கள், அடுப்பின் காற்றுத் திறப்பை முழுதாகத் திறந்துவிடுங்கள். தீ மெல்லக் கீழே இறங்கும், புகையும் குறைவு. நன்றாகப் பிடித்த பிறகு காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி வெளியே வையுங்கள். செத்துப்போனது போல் தெரியும் சாம்பலுக்குள் மறுநாளும் கங்கு இருக்கும்.

விறகு அடுப்பு இருக்கும் அறையில் கார்பன் மோனாக்சைடு (மணமில்லாத விஷவாயு) அலாரம் கட்டாயம். 2022 பிப்ரவரி 1 முதல் ஸ்காட்லாந்தில் இது சட்டம். வாடகை வீடென்றால் குடிபோகும் அன்றே பார்த்துவிடுங்கள்.

அடுத்தது தண்ணீர். எங்கள் ஊற்றுத் தண்ணீர் கிருமியைக் கொல்லும் புற ஊதா விளக்கைத் தாண்டித்தான் குழாய்க்கு வருகிறது. கரண்ட் இல்லாவிட்டால் விளக்கும் இல்லை. ஆகவே நவம்பர் தொடங்கும்போதே குடிக்க 20 லிட்டர் கேன்கள் நான்கு நிரப்பி வைப்பேன். புயல் எச்சரிக்கை வந்த அன்று குளியல் தொட்டியையும் நிரப்பிவிடுவேன். அது கழிவறைக்கு. ஊற்றிலிருந்து நேரே மொண்டு வந்தால் கொதிக்கவைக்காமல் குடிக்காதீர்கள். மேலே மேட்டில் ஆடு மேய்கிறது.

வீட்டின் மெயின் வால்வு எங்கே என்று வீட்டில் எல்லாருக்கும் தெரிய வேண்டும். வருஷம் ஒரு தடவை திருகிப் பாருங்கள், இல்லாவிட்டால் அவசரத்தில் அசையாது. பரணில் ஓடும் குழாய்களுக்கு உறை போடுங்கள். தோட்டத்துக் குழாய்க்குப் போகும் தண்ணீரை உள்ளே அடைத்துவிட்டு, வெளிக்குழாயைத் திறந்தே விடுங்கள். கடும் உறைபனி இரவில் பரண் கதவைத் திறந்து வைத்தால் வீட்டுச் சூடு மேலே ஏறும். அப்படியும் குழாய் உறைந்துவிட்டதா? மெயின் வால்வை மூடுங்கள், குழாயின் திருகைத் திறந்துவிடுங்கள், திறந்த முனையிலிருந்து பின்னோக்கி வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றிச் சுற்றி இளக்குங்கள். நெருப்பைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள்.

மின்வெட்டு என்றால் கூப்பிட வேண்டிய எண் 105. கைக்குழந்தையோ, வயதானவரோ, மின்சாரத்தில் ஓடும் மருத்துவக் கருவியோ வீட்டில் இருந்தால் மின்விநியோக நிறுவனத்தின் முன்னுரிமைப் பட்டியலில் இன்றே பெயர் கொடுங்கள், செலவில்லை. இணையம் வழியாக வரும் வீட்டுத் தொலைபேசி கரண்ட் போனதும் ஊமையாகிவிடும். செல்போன் கோபுரமும் சில மணி நேரத்தில் அணையலாம். ஆர்வென் நாட்களில் எங்களுக்குச் செய்தி சொன்னது பேட்டரி ரேடியோதான். தலையில் மாட்டும் டார்ச் ஆளுக்கு ஒன்று, எப்போதும் ஒரே ஆணியில். நிறைந்த ஃப்ரீசரைத் திறக்காமல் விட்டால் 48 மணி நேரம் தாங்கும். சமையலுக்கு மேற்புறம் தட்டையான விறகு அடுப்பே போதும். அதன் மேல் சாதம் வேக எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது, ரசம் அதற்கு முன்பே கொதித்துவிட்டது. முகாம் கேஸ் அடுப்பை வீட்டுக்குள் பற்றவைக்கவே வேண்டாம்.

பனி வரும் என்றால் முந்தின இரவே காரை மேட்டிலிருந்து இறக்கி, சாலை முனையில், முகம் சாலையைப் பார்க்க நிறுத்துங்கள். மண்வெட்டியும் கம்பளியும் காருக்குள் இருக்கட்டும். காக்பிரிட்ஜ் – டொமின்டௌல் மலைச்சாலையின் பனிக்கதவு (பனி நாளில் சாலையை அடைக்கும் கதவு) மூடியிருந்தால் சுற்றுவழியில் போங்கள்.

இங்கே 'ஸ்னெல்' என்றால் எலும்பைத் துளைக்கும் காற்று. அந்தச் சொல் காதில் விழுந்தால் தடித்த கோட்டு ஒன்றை நம்பாமல், உள்ளே கம்பளியில் இரண்டு அடுக்கு போடுங்கள். டிசம்பர் நடுவில் எட்டே முக்காலுக்கு விடிந்து மூன்றரைக்கு இருட்டிவிடும். மதியம் இருபது நிமிடமாவது வெளியே நடங்கள். இல்லாவிட்டால் மனசு சுருங்கிப்போகும். வைட்டமின் டி தினம் 10 மைக்ரோகிராம். நம்மைப் போன்ற கருத்த தோலுக்கு வருஷம் முழுக்க எடுக்கச் சொல்கிறார்கள்.

கடைசியாக ஒரு வேலை. எதிர் மேட்டுப் பண்ணையில் எண்பது கடந்த ஒரு அம்மா தனியாக இருக்கிறார். என்னைக் கண்டால் "ஃபிட் லைக், குவைன்?" என்பார், எப்படியிருக்கே பிள்ளை என்று அர்த்தம். ஆர்வென் முடிந்த மறுநாள் காலை அவர்தான், கைத்தடியோடு, விழுந்த மரங்களைச் சுற்றிக்கொண்டு எங்களைப் பார்க்க வந்தார். எங்கள் புகைபோக்கியில் புகை வரவில்லையாம். அன்றிலிருந்து குளிர்காலத்தில் எழுந்ததும் நான் முதலில் ஜன்னல் வழியே அவர் கூரையைப் பார்ப்பேன். உங்கள் ஜன்னலிலிருந்து யார் வீட்டுப் புகைபோக்கி தெரிகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பது மணிக்கும் அதில் புகை இல்லையென்றால், பூட்ஸைப் போட்டுக்கொண்டு போய்க் கதவைத் தட்டுங்கள்.