கேஸ் கிரில் வாங்கும் முன் கறளைப் பற்றி யோசியுங்கள்

கொழும்பில் கேஸ் கிரில் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை பர்னர் என்று. என்னைக் கேட்டால், எவ்வளவு காலத்தில் கறள் பிடிக்கும் என்றுதான் கேட்க வேண்டும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை என்று காலி வீதிக்குக் கடல்பக்கம் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, யன்னல் கம்பியும் ஏசியின் வெளிப்பெட்டியும் படும் பாட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதே உப்புக் காற்றில், எண்ணெயும் சூடும் சேர நிற்கப்போகிற சாமான் இது.

அதனால் கடைக்குப் போகும்போது சின்னக் காந்தம் ஒன்றைக் கொண்டுபோங்கள். மூடியில் வைத்துப் பாருங்கள். பளபளவென்று இருந்தும் காந்தம் இறுக்கமாக ஒட்டினால் அது பெரும்பாலும் 430 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், கடலோரத்துக்கு அது போதாது. 304 ரகத்தில் நிக்கல் அதிகம், காந்தம் ஒட்டாது, வளைத்த மூலைகளில் மட்டும் லேசாக இழுக்கலாம். ஆனால் ஒட்டவில்லை என்றவுடனேயே 304 என்று நம்பிவிடாதீர்கள், ஏனென்றால் நிக்கலைக் குறைத்து மங்கனீசு கூட்டிய 201 ரகத்திலும் காந்தம் ஒட்டாது, அது சீக்கிரமே புள்ளி புள்ளியாகப் பழுப்பேறும். பில்லில் ரகத்தை எழுதித் தரச் சொல்லுங்கள், எழுதத் தயங்கினால் பதில் கிடைத்த மாதிரித்தான். காசு குறைவென்றால் வார்ப்பு அலுமினியத்தில் செய்த பெட்டியைத் தேடுங்கள். பார்க்க அழகில்லை, மங்கலாக இருக்கும், ஆனால் அதற்குக் கறளே பிடிக்காது. பெயின்ட் அடித்த மெல்லிய தகட்டை மட்டும் வேண்டாம், ஒரு இடத்தில் உரிந்தால் உள்ளுக்குள்ளேயே அரித்துக்கொண்டு போகும்.

அடுத்தது பர்னர். மூடியைத் திறந்து, கம்பித்தட்டைத் தூக்கி, அதற்குக் கீழே நெருப்பின் மேல் கூரை போல இருக்கும் தகட்டையும் எடுத்துப் பாருங்கள். எந்த கிரில்லிலும் முதலில் போவது இந்தத் தகடும் பர்னர் குழாயும்தான். இரண்டையும் ஸ்க்ரூ கழற்றி மாற்ற முடிய வேண்டும், வெல்டிங் பண்ணி ஒட்டியிருந்தால் விட்டுவிடுங்கள். உதிரிப்பாகம் இங்கே கிடைக்குமா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். கிடைக்காவிட்டாலும் தகடு நேராக, சாதாரண வடிவில் இருந்தால் பழைய சோனகத் தெருப் பக்கம் தகடு வாங்கி யாரிடமாவது வெட்டி வளைத்து எடுக்கலாம், விசித்திரமான வடிவென்றால் அதுவும் நடக்காது.

கம்பித்தட்டைப் பொறுத்தவரை எனக்கு வார்ப்பிரும்புதான் பிடிக்கும். அறுக்குளாத் துண்டை வைத்தால் கோடு அழகாக விழும், சூடும் நிற்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் சுரண்டித் துடைத்து, சூடு ஆறும் முன் எண்ணெய் பூச வேண்டும். அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் தடித்த ஸ்டெயின்லெஸ் கம்பி வாங்குங்கள்.

நாலைந்து பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு பர்னர் தாராளம். ஒன்று போதாது, ஏனென்றால் கோழிக்காலை ஒரு பக்கம் நெருப்பில் நிறம் வரவிட்டு, மற்றப் பக்கம் நெருப்பை அணைத்து மூடிவைத்தால்தான் எலும்போரம் வரை வேகும். நாலு பர்னர் வாங்கினால் கேஸைத்தான் தின்னும். 1 கிலோ கேஸ் எரிந்தால் ஏறக்குறைய 46,000 பிடியு (BTU, சூட்டை அளக்கும் அலகு) சூடு வரும், அப்படியென்றால் மணிக்கு 30,000 பிடியு என்று போட்ட கிரில்லை முழுசாகத் திறந்துவிட்டால் 5 கிலோ சிலிண்டர் ஏழெட்டு மணித்தியாலத்தில் முடிந்துவிடும். 2022 இல் சிலிண்டருக்கு வரிசையில் நின்றவர்களுக்கு இந்தக் கணக்கு பெரிதாகவே தெரியும்.

கனடாவில் இருந்து அண்ணா அனுப்புகிறார், லண்டனில் இருந்து மச்சான் கொண்டுவருகிறார் என்றால் ஒரு விஷயம் கேட்டு வையுங்கள். அது குழாய்வழி இயற்கை எரிவாயுவுக்குச் செய்ததா, சிலிண்டருக்குச் செய்ததா? இயற்கை எரிவாயு கிரில்லில் பர்னருக்குக் கேஸ் வரும் ஜெட் துளை பெரிது, நம் சிலிண்டரைக் கொடுத்தால் நெருப்பு கட்டுக்கடங்காமல் எழும், ஆபத்து. சிலிண்டருக்கானதாக இருந்தாலும் அந்த ஊர் இணைப்பு பெரும்பாலும் நம் வால்வில் பொருந்தாது. கிரில்லின் தகட்டில் எழுதியிருக்கும் மில்லிபார் அளவும் (கேஸ் அழுத்தத்தின் அளவு) நீங்கள் வாங்கும் ரெகுலேட்டரின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். அட்டைப்பெட்டியோடு வந்த ரெகுலேட்டரை ஏதாவது ஒரு துண்டு வைத்துப் பொருத்திப் பார்க்கிற வேலை வேண்டவே வேண்டாம்.

வைக்கும் இடத்தையும் முதலே பாருங்கள். சிலிண்டர் கேஸ் காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் தரையோடு படுத்துக் கிடக்கும், அதனால் மூடிய பலகணியோ கான் பக்கமோ சரிவராது. தொடர்மாடி வீடுகளில் அதை நிர்வகிக்கும் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்திடம் அனுமதி கேட்ட பிறகே வாங்குங்கள்.

உறை ஒன்று வாங்கத்தான் வேண்டும், ஆனால் ஒக்டோபர், நவம்பர் மழையில் நாள்கணக்காக மூடியே வைத்தால் உள்ளே ஈரம் தங்கி உறைக்குள்ளேயே கறள் பிடிக்கும், வெயில் வந்த நாளில் கழற்றிவிடுங்கள். கடலோரம் என்றால் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து உலரவிடுவது 304 க்கும் அவசியம்.

நீண்டநாள் சும்மா கிடந்த கிரில்லைப் பற்ற வைக்கும் முன் பர்னர் குழாய்க்குள் சிலந்திக்கூடு இருக்கிறதா பாருங்கள், அடைத்திருந்தால் நெருப்பு பின்பக்கமாக வரும். 2021 கடைசியில் கேஸ் வெடிப்புகள் அடுத்தடுத்து நடந்தபோது எல்லோரும் சவர்க்காரத் தண்ணீர் பூசிப் பார்த்தோமே, அந்தப் பழக்கத்தை விடாதீர்கள். வால்வைத் திறந்து, ரெகுலேட்டர், ஹோஸ், கிளிப் மூன்றிலும் பூசுங்கள். குமிழி வந்தால் உடனே மூடுங்கள். ஹோஸில் எலி கடித்த அடையாளமோ வெடிப்போ இருந்தால் டேப் சுற்றாமல் புதிது போடுங்கள்.