ஜெர்மனியில் எம்.எஸ்.சி. கம்ப்யூட்டர் சயின்ஸ்: முதலில் உங்கள் மார்க் ஷீட்டைப் பாருங்கள்

"அண்ணா, ஜெர்மனியில எந்த யூனிவர்சிட்டி பெஸ்ட்?" ஜூனியர்கள் எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். முதல் தவறே இந்தக் கேள்விதான்.

அங்கே பட்டத்தின் பெயரை மட்டும் பார்த்து இடம் தருவதில்லை. பி.இ.யில் எந்தப் பாடத்தை எவ்வளவு படித்தீர்கள் என்று ஈ.சி.டி.எஸ். என்ற ஐரோப்பிய கிரெடிட் புள்ளிக் கணக்கில் எண்ணுவார்கள். ஒரு புள்ளி என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. கணிதத்தில் இத்தனை, தியரிட்டிகல் கம்ப்யூட்டர் சயின்ஸில் இத்தனை என்று பல படிப்புகள் தனித்தனியாகக் கேட்கும். ஈ.சி.இ. படித்தவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். சி, டேட்டா ஸ்ட்ரக்சர் எல்லாம் படித்திருப்பார்கள்; தியரிட்டிகல் பக்கத்தில் வரும் ஆட்டோமேட்டா தியரி இருக்காது. சி.ஜி.பி.ஏ. 9 இருந்தாலும் நிராகரிப்புதான். ஆன்லைன் கோர்ஸ் சான்றிதழ் அந்த ஓட்டையைப் பெரும்பாலும் அடைக்காது. அதனால் படிப்பின் தகுதி விதிகளையும் உங்கள் சிலபஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பாடம் பாடமாக டிக் அடியுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும், போகட்டும்.

அடுத்தது மதிப்பெண். அங்கே 1 தான் உச்சம். 10-க்கு 8 வாங்கியவர், பாஸ் மார்க் 5 என்றால், 10-லிருந்து 8-ஐக் கழித்து, அதை 5-ஆல் (10-லிருந்து பாஸ் மார்க்கைக் கழித்தால் வருவது) வகுத்து, 3-ஆல் பெருக்கி, 1 கூட்ட வேண்டும்: 2.2. பாஸ் மார்க் 4 என்றால் அதே 8-க்கு 2.0 வரும். 2.5-க்கு மேல் போனால் வேண்டாம் என்று சொல்லும் படிப்புகள் நிறைய உண்டு. பல பல்கலைக்கழகங்களுக்காக வெளிநாட்டு விண்ணப்பங்களை வாங்கிப் பரிசோதிக்கும் யூனி-அசிஸ்ட் வழியாகப் போகும் விண்ணப்பங்களில் முதலாவதுக்கு 75 யூரோ, அப்புறம் ஒவ்வொன்றுக்கும் 30. கணக்குப் போடாமல் பத்து இடத்துக்கு அனுப்பினால் காசு கரையும்.

"ஜெர்மனியில் படிப்பு இலவசம்" என்பது பாதி உண்மை. ஸ்டுட்கார்ட், ஃப்ரைபர்க் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் 2017 முதல், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து இவர்களிடம் முதுகலைக்குக் கட்டணம் வாங்குகிறது, செமஸ்டருக்குப் பெரும்பாலும் 4,000 அல்லது 6,000 யூரோ. இதெல்லாம் போக, விசாவுக்கு பிளாக்டு அக்கவுண்டில் (மாதாமாதம் ஒரு பங்குதான் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) ஒரு வருடச் செலவைக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அது 11,904 யூரோ ஆனது. ஏஜென்ட் "ஃபீஸ் கொஞ்சம்தான், சீட் உறுதி" என்று சொன்னால், அது தனியார் கல்லூரியா என்று கேளுங்கள். கமிஷன் எங்கிருந்து வருகிறது என்று அவர் சொல்ல மாட்டார்.

உங்கள் படிப்புச் சான்றுகள் உண்மையானவை என்று சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதும் தவறு. 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களின் விசாவுக்கு அது கட்டாயம். பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்தோடே கேட்கின்றன.

வகுப்பு இங்கிலீஷில்தானே என்று ஜெர்மனை ஒதுக்குகிறவர்களும் உண்டு. வகுப்பு சரி, வீட்டு ஒப்பந்தமும் பார்ட்-டைம் வேலைக்கான விளம்பரமும் ஜெர்மனில்தான் இருக்கும். ஏ.பி.எஸ்.ஸுக்குக் காத்திருக்கும் மாதங்களில், சென்னையில் இருந்தால் ஜெர்மன் கற்றுத்தரும் நுங்கம்பாக்கம் மாக்ஸ் முல்லர் பவனில் ஆரம்ப நிலையான ஏ1-ஆவது முடித்துவிடலாம்.