மலைப்பாதையில் பைக்: இறக்கத்தில் செய்யக்கூடாத தவறுகள்

மலையேறும்போது விறைப்பாக ஓட்டுகிறவர்கள்கூட, உச்சியைத் தாண்டியதும் தளர்ந்துவிடுகிறார்கள். ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை விட்டால் வண்டி வேகம் குறையும். இறக்கத்தில் விட்டால் கூடும். கவனம் அதிகம் தேவைப்படுவது அங்கேதான்.

பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறங்குவது முதல் தவறு. கியரில் ஆக்சிலேட்டரை மூடி இறங்கும்போது, பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் வண்டிகள் தாமாகவே எரிபொருளை நிறுத்திவிடும். ஆகவே நியூட்ரலில் லாபமில்லை. இன்ஜின் தரும் பிடிப்புதான் போகிறது. முழுச் சுமையும் பிரேக் மேல் விழுந்து அது சூடேறுகிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும். டாட் 4 என்ற தரத்தில் உள்ள புதிய பிரேக் ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு இந்த அளவு 155 டிகிரி வரை இறங்கலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழிகள் உண்டாகும். லீவரைப் பிடித்தால் குமிழிதான் அமுங்கும், டிஸ்கைப் பிடிக்கும் பேட் அழுந்தாது. லீவர் கைப்பிடியைத் தொட்டாலும் வண்டி நிற்காது.

எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே வராமல், அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, முழுதாக விட்டுவிடுங்கள். விட்ட நேரத்தில்தான் டிஸ்க் ஆறும். பின் பிரேக் பெடல் மேல் கால் சும்மா கிடக்கிறதா என்றும் பாருங்கள். பலருக்கு அது தெரியாமலேயே நடக்கும். லீவர் பஞ்சு மாதிரி அமுங்கினால் கியரைக் குறைத்து, அகலமான இடத்தில் ஓரம்கட்டி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான டிஸ்கில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், கோணிப்போகலாம். பிரேக் ஆயிலை 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

அடுத்தது கொண்டை ஊசி வளைவு. வேகம் குறைப்பது, கியர் மாற்றுவது இரண்டும் வளைவுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். உள்ளே போனபிறகு பதறி முன் பிரேக்கைப் பிடித்தால், ஹேண்டில் திரும்பியிருக்கும் நிலையில் முன்சக்கரம் வழுக்கும். ஏற்ற வளைவின் நடுவில் கிளட்சைப் பிடித்தால் இழுவை போய் வண்டி உட்புறமாகச் சாயும். அந்தப் பக்கம் சாலை சரிந்து தாழ்ந்திருப்பதால் ஊன்ற வைத்த கால் தரையை எட்டாது. நிதானமாகப் போகும்போதே பலர் விழுவது இப்படித்தான். முதல் அல்லது இரண்டாம் கியரில், ஆக்சிலேட்டரை ஒரே சீராக வைத்துத் திரும்புங்கள்.

சீக்கிரமே உட்புறம் வெட்டி நுழைந்தால், வெளியேறும் இடத்தில் வண்டி எதிர்ப்பக்கம் தள்ளிக்கொண்டு போகும். மறுமுனை கண்ணில் பட்டபிறகு திரும்புங்கள். சக்கரம் நடுக்கோட்டுக்கு உள்ளே இருந்தாலும், சாய்ந்த தலை கோட்டைத் தாண்டி நீளும் என்பதை மறக்கக்கூடாது. பேருந்துக்கும் லாரிக்கும் முழுச் சாலையும் வேண்டும். மேலும் கீழும் தெரியும் சாலை மடிப்புகளை முன்கூட்டியே பார்த்து, கனரக வண்டி வந்தால் வளைவுக்கு வெளியே காத்திருங்கள். லாரியின் பின்சக்கரங்கள் ஓரத்தை உரசிச் சாலையில் இழுத்துவிட்ட ஜல்லியும் உட்புறத்தில்தான் கிடக்கும்.

மூட்டையைப் பின் கேரியரில் உயரமாகக் கட்டினால் ஏற்றத்தில் முன்சக்கரம் லேசாகி, ஹேண்டில் பேச்சைக் கேட்காது. கனமான பொருள் சீட்டுக்கு அருகே, தாழ்வாக இருக்கட்டும். பிடிப்புக் கூடும் என்று டயர் காற்றைக் குறைக்காதீர்கள். புறப்படும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது, சுமைக்கு ஏற்ப கையேட்டில் சொன்ன அளவு வையுங்கள்.

1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும். அடிவாரத்தில் வியர்க்கிறதே என்று கையுறையை மூட்டைக்குள் வைத்தவருக்கு, உச்சியில் விரல் மரத்து லீவரின் அழுத்தமே தெரியாது. 3,000 மீட்டரில் காற்றழுத்தம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைவு. இன்ஜின் பலமும் அதற்கேற்பக் குறையும். கீழே பழகிய ஓவர்டேக் கணக்கு அங்கே செல்லாது.

கிராமத்துக்குள் வேகம் 30 கிலோமீட்டருக்குள் இருக்கட்டும். 60-ல் போனால், ஒரு நொடி கவனித்து பிரேக்கைத் தொடுவதற்குள் ஏறக்குறைய 17 மீட்டர் கடந்துவிடும். 30-ல் 8 மீட்டர். அங்கே வீட்டு வாசலே சாலையாக இருக்கும். ஒரு மாடு குறுக்கே போனால் பின்னால் கன்று வரும் என்று காத்திருங்கள். சாலையில் தானியம் காய்ந்தால் சுற்றிப் போங்கள்: சக்கரத்துக்கடியில் அது உருளும், அதோடு அது ஒரு வீட்டின் சோறு.

காட்சியை ரசிக்க நின்று பாருங்கள். ஓடும்போது பார்வை போகும் பக்கமே வண்டியும் போகும். நிறுத்துவதும் வளைவில் வேண்டாம். சரிவில் முகப்பு மேல்நோக்கி இருக்கும்படி நிறுத்தி, முதல் கியரில் விடுங்கள். முகப்பு கீழ்நோக்கி இருந்தால் வண்டி முன்னே நகரும்போது சைடு ஸ்டாண்டு மடங்கிவிடும்.